எண்ணம் எங்கிருந்து வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை

கல்லூரி முடித்த கையோடு சொந்தத் தொழில் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அதை முழுநேரமாக நடத்தி, அப்போது எனக்குக் கிடைத்திருந்த வேலையின் ஒன்றரை ஆண்டுச் சம்பளத்துக்கு நிகரான பணத்தை இழந்தேன். அதில் பாதிக்கு மேல் அக்காவிடம் கைமாற்றாக வாங்கியது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக அதை இன்னும் அடைத்துவருகிறேன். தொழில் நொடித்ததைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் சந்தை, போட்டி, முதலீடு என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு அவற்றுக்கெல்லாம் முந்தைய ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொழில் தொடங்க வேண்டும் என்ற எண்ணம் இருபத்தொரு வயதில் எனக்குள் எப்படி உருவானது, யார் யார் அதற்குத் தூபம் போட்டார்கள், கையிருப்பு கரைந்தபோது அந்த எண்ணத்தில் எவ்வளவு மிஞ்சியது என்பவற்றை வரிசையாக எழுதுகிறேன். என்னைப் போலவே இறங்கக் காத்திருக்கும் ஒருவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைப்பவை இடையிடையே வரும்.

முதலில் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பள்ளி, கல்லூரி ஆய்வகங்களிலும் சிறிய பரிசோதனைக் கூடங்களிலும் உள்ள நுண்ணோக்கிகளைச் சுத்தம் செய்து பழுது நீக்கிக் கொடுப்பதுதான் அது. ஈரம் மிகுந்த அறையில் நெடுநாள் மூடிவைத்த நுண்ணோக்கியின் லென்சில் பூஞ்சை பிடிக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கண்ணாடியின் மேல் மெல்லிய இழைகள் கிளைவிட்டுப் படர்ந்திருப்பது தெரியும். தொடக்கத்திலேயே துடைத்துவிட்டால் லென்சு பிழைத்துக்கொள்ளும். நாள்பட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அது அரித்துவிடும்; அதன் பிறகு மாற்றுவதைத் தவிர வழியில்லை. குவியத்தைச் சரிசெய்யும் திருகில் பழைய கிரீஸ் இறுகிப்போயிருக்கும். அது தெரியாமல் மாணவர்கள் பலங்கொண்ட மட்டும் திருகி, அதன் பற்சக்கரத்தின் பல்லை உடைத்துவைத்திருப்பார்கள். எங்கள் கல்லூரி ஆய்வகப் பணியாளர் ஒருவர் இவற்றையெல்லாம் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். அவருடைய கைப்பழக்கத்தில் பெரும்பகுதி எனக்கும் வந்துவிட்டது என்று கூச்சமில்லாமல் சொல்லலாம்.

இறுதியாண்டில் தொழில்முனைவு குறித்த பாடம் ஒன்று இருந்தது. அவ்வப்போது தொழிலதிபர்கள் வந்து பேசினார்கள்; தொழில் திட்டப் போட்டி நடந்தது; என் திட்டத்துக்குப் பரிசும் கிடைத்தது. பாடத்தின் முடிவில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். தொழில்முனைவோர் ஆவதற்கு எதையும் செய்யத் தயார் என்ற பொருளில் ஒரு வாக்கியம் இருந்தது. யோசிக்காமல் 7 போட்டேன். அவ்வகைக் கேள்வித்தாளை லின்யான், சென் என்னும் இரு ஆய்வாளர்கள் ஸ்பெயினிலும் தைவானிலும் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள் என்பதும், அதன் அடித்தளம் ஐசெக் அய்சன் என்ற உளவியலாளர் 1991இல் விரித்து எழுதிய ‘திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு’ என்பதும் எல்லாம் முடிந்த பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டவை. அந்தக் கோட்பாட்டின்படி, ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தை மூன்று காரணிகள் உருவாக்குகின்றன. அந்தச் செயலை நாம் எவ்வளவு விரும்புகிறோம் என்பது முதலாவது. நமக்கு வேண்டியவர்கள் அதை ஏற்பார்களா என்று நாம் கருதுவது இரண்டாவது. அது நம்மால் முடியும் என்று நாம் நம்புவது மூன்றாவது. இந்த மூன்றுமே நம்முடைய கணிப்புகள்தாம். அவை நிலவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் ஏதும் இல்லை. எங்களிடம் மதிப்பெண்களை வாங்கிக்கொண்டார்களே தவிர, ஒவ்வொரு 7க்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

விருப்பத்தை எடுத்துக்கொள்வோம். எனக்கு லென்சுகளோடு இருப்பது பிடிக்கும். அது அன்றும் இன்றும் மாறாதது. ஆனால் இறுதியாண்டில் அதன்மேல் வேறொரு விருப்பமும் ஏறி உட்கார்ந்துகொண்டது. மேடையில் பரிசு வாங்கியதும், ஆசிரியர்கள் வகுப்பில் என் பெயரைச் சொல்லி உதாரணம் காட்டியதும், ‘நிறுவனர்’ என்று அச்சடித்த அட்டையை நீட்டியபோது எதிரில் இருந்தவரின் முகம் மாறியதும் எனக்குப் பிடித்திருந்தன. இவை கல்லூரி வளாகத்துக்குள் மட்டுமே கிடைப்பவை. பட்டமளிப்பு முடிந்த மறுமாதத்தில் அந்த அட்டையை ஒரு பள்ளி அலுவலகத்தில் கொடுத்தபோது, எழுத்தர் அதன் பின்பக்கத்தில் யாருடைய தொலைபேசி எண்ணையோ குறித்து வைத்துக்கொண்டார். ஆகவே தொழில் தொடங்க நினைப்பவரிடம் நான் முதலில் கேட்பது, இதில் கைதட்டல் இல்லாத நாளில் எந்த வேலையைச் செய்துகொண்டிருப்பீர்கள், அது பிடித்திருக்கிறதா என்பதுதான். பிடிக்குமா இல்லையா என்பதை அறிய, அந்தத் தொழிலில் இருப்பவர் ஒருவரிடம் கூடமாட இருந்து, அவருடைய பேச்சை விட்டுவிட்டு, அவர் அலுத்துக்கொண்டே செய்யும் வேலைகளைக் கவனிப்பது நல்ல வழி.

இது தொடர்பாக நான் வாசித்த ஆய்வுகளில் ஒன்று என்னை வியக்கவைத்தது. நெதர்லாந்தில் மாணவர்களே சிறு நிறுவனத்தை நடத்திப் பழகும் திட்டம் ஒன்றை ஓஸ்டர்பேக்கும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். திட்டத்தில் சேர்ந்த மாணவர்களிடம் தொழில் தொடங்கும் எண்ணம் கூடவில்லை, குறைந்தது. அதே ஆண்டில் ஜெர்மனியிலிருந்து வெளியான வேறோர் ஆய்வும், பல்கலைக்கழகப் பாடம் ஒன்றைப் படித்த பிறகு மாணவர்களின் எண்ணம் சராசரியாகச் சற்றுக் குறைந்ததைக் கண்டது. தமக்கு இது ஒத்துவருமா வராதா என்பது அவர்களுக்கு முன்பைவிடத் தெளிவானது என்று அதன் ஆசிரியர்கள் கருதினார்கள். எண்ணத்தை உயர்த்திய பாடங்களும் உண்டு. லண்டனிலும் பிரான்சின் கிரெனோபிளிலும் அறிவியல், பொறியியல் மாணவர்களிடம் நடத்திய 2007ஆம் ஆண்டு ஆய்வில், பாடம் ஊட்டிய உத்வேகம்தான் எண்ணத்தை உயர்த்தியது, அதில் கற்றுக்கொண்ட விஷயங்களுக்கு அந்த அளவு பங்கில்லை என்று தெரிந்தது. என் பாடம் இந்த இரண்டாம் வகை. உத்வேகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதில் சிலர் சாதித்திருக்கிறார்கள். ஆனால் நாலு பேரையாவது ‘இது நமக்கு வேண்டாம்’ என்று எழுந்துபோக வைக்காத ஒரு தொழில்முனைவுப் பாடத்தை இன்று நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

இரண்டாவது காரணி சுற்றியிருப்பவர்கள். நான் அதிகம் நொந்தது இங்கேதான். எங்கள் வீட்டில் யாரும் தொழில் செய்தவர்கள் இல்லை. அப்பா பணிக்காலம் முழுவதும் மாதச் சம்பளக்காரர். பெற்றோர் தொழில் செய்பவர்களாக இருந்தால் பிள்ளைகளும் அதே வழியில் போக வாய்ப்பு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஸ்வீடனில் தத்துப் பிள்ளைகளின் தரவுகளைக் கொண்டு 2015இல் வெளியான ஆய்வு, அந்த வாய்ப்பு சுமார் 60 சதவீதம் கூடுவதாகவும், அதில் பெற்ற பெற்றோரின் பங்கைப் போல இரு மடங்கு வளர்த்த பெற்றோருடையது என்றும் கணித்தது. அதாவது இரத்தத்தைவிட, வளர்ந்த வீட்டில் கண்டதும் கேட்டதும்தான் பெரிது. இதை வாசித்தபோது எனக்கு எது கிடைக்காமல் போனது என்று விளங்கியது. தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைக்கு, வசூல் ஆகாத மாதம் எப்படியிருக்கும், அப்போது வீட்டில் யார் எந்தச் செலவைத் தள்ளிப்போடுவார்கள், அப்பாவின் முகம் எத்தனை நாள் வாடியிருந்து பிறகு சரியாகும் என்பதெல்லாம் கேட்காமலே தெரியும். எங்கள் வீட்டில் வருமானம் இல்லாத மாதம் என்றால் அதற்கு ஒரே பொருள்தான், வேலை போய்விட்டது.

தொடங்குமுன் அப்பாவிடம் கேட்டேன். “உன் இஷ்டம்” என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஓராண்டு பார்ப்பான், பிறகு வேலைக்குப் போய்விடுவான் என்று அவர் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். நான் மூன்றாண்டுக் கணக்கு வைத்திருந்தேன். இரண்டும் ஒருநாளும் வாய்விட்டுப் பேசப்படவில்லை. ஓராண்டு கடந்த பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. அம்மா உறவினர்களிடம் தொலைபேசியில் பேசும்போது, நான் வேலை தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்வது பக்கத்து அறையில் இருந்த என் காதில் விழும். எவரும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, ஆனாலும் சாப்பிட உட்காரும்போது தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்துவிடுவேன். அந்த மாதங்களில் நான் பட்ட அவமானம் வாடிக்கையாளர்களால் பட்டதைவிட அதிகம். ஆகவே வீட்டாரிடம் கேட்க வேண்டிய கேள்வி “தொடங்கட்டுமா?” என்பதல்ல. எத்தனை மாதம் வரை நான் வீட்டுக்குப் பணம் தராமல் இருக்கலாம், இதில் எவ்வளவு போனால் நிறுத்திவிட வேண்டும், நாலு பேர் கேட்டால் நான் என்ன செய்வதாகச் சொல்வீர்கள் என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவது கேள்வி அற்பமாகத் தோன்றும். வீட்டார் உண்மையில் எங்கே நிற்கிறார்கள் என்பதை அதற்கு வரும் பதிலில்தான் நான் கண்டுகொண்டேன், அதுவும் கேட்காமலே.

நண்பர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரியில் நாங்கள் ஒரு குழுவாகத்தான் இந்தப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தோம்; பணி நியமனக் கடிதங்கள் வந்ததும் மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அனுபவம் உள்ள நண்பர் ஒருவர் அருகில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைப்பதுண்டு. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்களை ஆராய்ந்து லெர்னரும் மால்மெண்டியரும் 2013இல் வெளியிட்ட முடிவு அதைத்தான் தொடுகிறது. முன்பே தொழில் நடத்திய மாணவர்கள் அதிகம் இருந்த வகுப்புகளில், படிப்புக்குப் பின் தொழில் தொடங்கியவர்கள் குறைவாக இருந்தார்கள். அவ்வாறு குறைந்தவை பெரும்பாலும் தோற்றுப்போகும் தொழில்களே. பட்டவர்கள் பக்கத்தில் இருந்தால் எது தேறாது என்று சொல்லிவிடுகிறார்கள் போலும். என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் போலவே பட்டறியாதவர்கள், உற்சாகத்துக்குக் குறைவில்லை.

மூன்றாவது காரணி, என்னால் முடியும் என்ற நம்பிக்கை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதிய கட்டுரையில் இந்த நம்பிக்கைக்கு நான்கு வழிகளைச் சொல்கிறார்: நாமே செய்து வென்ற அனுபவம், நம்மைப் போன்றவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லித் தேற்றியது, நம் உடலும் மனமும் அந்நேரம் இருக்கும் நிலை. இவற்றில் முதலாவதுதான் வலுவானது. எனக்கு அந்த முதலாவது நிறைய இருந்தது, ஆனால் முழுக்கப் பழுதுபார்க்கும் வேலையில். தொழிலில் அது ஒரு பங்குதான். எங்கே வேலை இருக்கிறது என்று கண்டுபிடிப்பது, விலை சொல்வது, சொன்ன விலையில் நிற்பது, வேலை முடிந்ததும் பணத்தை வாங்குவது என்று மீதியில் எதையும் நான் அதற்குமுன் செய்ததில்லை. ஒன்றில் பெற்ற தேர்ச்சி தரும் நம்பிக்கை மற்றவற்றுக்கும் தானாகப் பரவிவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. பரவியிருப்பது நமக்குத் தெரிவதும் இல்லை.

ஒரு கல்லூரியில் இரண்டு ஆய்வகங்களின் நுண்ணோக்கிகள் முழுவதையும் சரிசெய்யச் சொன்னார்கள். துறைத் தலைவர் நேரில் அழைத்து, அன்போடு பேசி, கையோடு தொடங்கிவிடுங்கள் என்றார். உதிரிப் பாகங்களுக்கும் இரண்டு புதிய லென்சுகளுக்கும் கையில் இருந்த பணம் முழுவதையும் போட்டேன். வேலை முடிந்தது, பார்த்தவர்கள் பாராட்டினார்கள், பில்லைக் கொடுத்தேன். அதன் பிறகு கணக்குப் பிரிவின் முன்னால் இருந்த மர பெஞ்சுதான் என் அலுவலகம். எழுத்தர் நல்ல மனிதர். “தம்பி, கோப்பு மேலே போயிருக்கிறது” என்பார் ஒருநாள். “மேலிருந்து ஒரு விளக்கம் கேட்டு வந்திருக்கிறது” என்பார் இன்னொரு நாள். துறைத் தலைவரிடம் போனால், பணம் என் கையில் இல்லையே என்று மெய்யாகவே வருந்தினார். அப்போதுதான் தெரிந்தது, வேலை கொடுப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர், இந்த இரண்டாமவர் என் வேலையைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பது. நிதியாண்டு மாறிவிட்டது, பழைய ஒதுக்கீடு காலாவதி ஆகிவிட்டது என்று இன்னும் சில மாதங்கள் போயின. கடைசியில் பணம் வந்தபோது அதில் ஒரு பகுதி, எழுத்து வடிவில் முன் அனுமதி இல்லை என்ற காரணத்தால் குறைக்கப்பட்டிருந்தது. இதே கதை வேறு இரண்டு இடங்களிலும் நடந்தது. ஓரிடத்தில் வரவே இல்லை. நான் இழந்த பணத்தில் பெரும்பங்கு பூஞ்சையிலோ லென்சிலோ போகவில்லை, இப்படி வராமல்போன, தாமதித்து வந்த நிலுவையிலும், அதைத் தாங்க வாங்கிய கடனிலும்தான் போனது.

அதனால் இன்று யார் வேலை சொன்னாலும் நான்கு விஷயங்களைக் கேட்காமல் கருவிப்பெட்டியைத் திறப்பதில்லை: பில்லில் இறுதிக் கையெழுத்து யாருடையது, எந்த ஆண்டின் ஒதுக்கீட்டிலிருந்து பணம் வரும், எழுத்து வடிவில் ஆணை எப்போது கிடைக்கும், உதிரிப் பாகங்களுக்கான தொகையை முன்பணமாகத் தர முடியுமா. கடைசிக் கேள்விக்கு முடியாது என்று பதில் வந்தால், முதலில் ஓர் ஆய்வகத்தை மட்டும் முடித்துக் கொடுத்து, அந்தப் பணம் எப்படி வருகிறது என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொடுகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். இழுத்தடிக்கப் போகிறவர்கள் தொடக்கத்திலேயே கழன்றுகொள்வதும் உண்டு. எந்தத் தொழிலானாலும் இதற்கு இணையான ஒரு பகுதி இருக்கும். தொடங்குமுன் உங்கள் தொழிலின் வேலைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் சொந்தமாக எப்போது செய்தோம் என்று குறியுங்கள். வெற்றாக இருக்கும் வரிகளைச் சம்பள வேலையில் இருந்தோ வேறொருவரின் தொழிலில் உதவியோ பழகிக்கொள்ள முடிந்தால், அதற்காகச் செலவாகும் ஓராண்டு வீணில்லை. இளமையிலேயே தொடங்கியாக வேண்டும் என்ற பதற்றம் எனக்கும் இருந்தது. அமெரிக்காவில் தொழில் தொடங்கி ஆட்களை வேலைக்கு அமர்த்தியவர்களின் சராசரி வயது சுமார் 42 என்றும், மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களில் அது 45 என்றும் 2020இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கண்டறிந்ததை அன்று யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பதற்றம் பாதியாகக் குறைந்திருக்கும்.

பண்டூரா சொன்ன நான்காவது வழியையும் நான் பட்டே அறிந்தேன். நிலுவை ஏறிய மாதங்களில் தூக்கம் கெட்டது. தொலைபேசி ஒலித்தாலே வயிறு கலங்கும். அந்த நிலையில், நேற்றுவரை எளிதாகச் செய்த பழுதுகூடக் கைக்கு அடங்கவில்லை. லென்சைத் துடைக்கும்போது விரல் நடுங்கியது. திறமை போய்விட்டது என்று நம்பிவிட்டேன். உண்மையில் போனது தூக்கம்தான். இப்படியான வாரங்களில் தொழிலைத் தொடர்வதா விடுவதா என்ற முடிவை எடுக்கவே கூடாது. முடிவுக்கான எல்லையை முன்னதாகவே, மனம் அமைதியாக இருக்கும்போது எழுதிவைக்க வேண்டும். தொழில்முனைவோர் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்த சரஸ் சரஸ்வதி 2001இல் எழுதிய கட்டுரையில், அவர்கள் கிடைக்கப்போகும் லாபத்தைவிடத் தாங்கக்கூடிய இழப்பைக் கணக்கிட்டே அடி எடுத்துவைக்கிறார்கள் என்றார். என்னிடம் லாபக் கணக்கு ஐந்தாண்டுக்கு இருந்தது, போட்டிக்காகப் போட்டது. இழப்புக் கணக்கை யாரும் கேட்கவில்லை.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷப்பிரோ, சோகோல் என்ற இருவர் 1982இலேயே எழுதியபடி, பலர் தொழிலுக்குள் வருவது ஓடிக்கொண்டிருக்கும் வாழ்க்கை எங்கோ தடைப்படும்போதோ திசை மாறும்போதோதான்: வேலை போவது, ஊர் மாறுவது, படிப்போ படைச் சேவையோ முடிந்து நிற்பது. எனக்குக் கல்லூரி முடிந்த இடைவெளி அந்தத் தருணமாக அமைந்தது. அந்த இடைவெளியில் எண்ணம் உறுதியானது போலத் தோன்றுவதற்கு, கிடைத்திருந்த வேலையைத் தவிர எதிரே வேறு வழி கண்ணில் படாததும் ஒரு காரணம். வேலையா தொழிலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் அப்போது யாரும் கேள்வி கேட்கவில்லை. வேலையைத் துறப்பதுதான் உறுதிக்கு அடையாளம் என்றே மேடையில் பேசியவர்கள் சொன்னார்கள். ஆனால் ரஃபி, ஃபெங் ஆகியோர் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், வேலையில் இருந்தபடியே தொழிலைத் தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்களுக்கு, ஒரேயடியாக வேலையை விட்டவர்களைவிடத் தொழிலைக் கைவிடும் அபாயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு என்று தெரிகிறது.

நான் இப்போது அந்த வழியில்தான் இருக்கிறேன். வார நாட்களில் ஒரு கருவி விற்பனை நிறுவனத்தில் பணி. விடுமுறை நாட்களில் சில ஆய்வகங்களின் பராமரிப்பு. இந்த வழியில் வர நினைப்பவர்கள், வேலையில் சேரும்போது கையெழுத்திடும் ஒப்பந்தத்தை முழுவதும் வாசிக்க வேண்டும். வெளிவேலை செய்யக் கூடாது என்ற நிபந்தனை பல இடங்களில் இருக்கிறது. வாய்மொழியாகப் பரவாயில்லை என்று சொல்லும் மேலாளர் மாறிப்போனால் நமக்குச் சாட்சி இல்லை. நான் சேரும்போதே என் பராமரிப்பு வேலையைச் சொல்லி எழுத்தில் அனுமதி கேட்டேன். நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடம் தனியாக வேலை எடுக்கக் கூடாது, அலுவலக நேரத்தில் அந்த அழைப்புகளை ஏற்கக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு கடிதம் தந்தார்கள். முதல் நிபந்தனையால் நல்ல முறையில் பணம் தந்துவந்த இரண்டு கல்லூரிகளை விட வேண்டியதாயிற்று. அவற்றுக்கு வேறொருவரை அறிமுகம் செய்துவைத்துவிட்டு, மிச்சம் உள்ளவற்றோடு தொடர்கிறேன்.